நாலு தூண்டில்

ஜூடி: கையில வாச்சு கட்டிகினு, டைம் பாக்க இன்னாத்துக்கு போனு?

பிராங்கிளின்: வாச்சு ஸ்லோவா ஓடுதுமே.

ஜூடி: போன மாசம் தான வந்துச்சு. அதுவும் மூணு.

பிராங்கிளின்: மூணும் ஸ்லோ.

ஜூடி: குந்து சொல்றேன். மருந்து கவுண்டர்ல நமக்கு முன்னாடி இன்னும் இருவது டோக்கன் கீது. வேடிக்க பாரு.

பிராங்கிளின்: பாத்துட்டேன். எல்லாரும் போன் தான் நோண்டிகினு கீறாங்க. ரிட்டயரான மனுசன், என்னை மட்டும் போன புடுங்கிகினு எல்.கே.ஜி புள்ள மாதிரி ஒக்கார வெச்சிருக்க.

ஜூடி: அவங்க யாரும் சர்ச் குரூப்ல ஒரே நாள்ல பதினேழு பாட்டு பாடி அனுப்பல.

பிராங்கிளின்: மாதா பாட்டு தான...

ஜூடி: பாதரே குரூப்ப வுட்டு பூட்டாரு.

பிராங்கிளின்: அவருக்கு சங்கீதம் பத்தல.

ஜூடி: தூண்டில் கதைக்கு வரட்டா? நம்ம ஏரியா கல்மண்டபத்துல பாதி பேரு கடலுக்கு போறவங்க. நீ முப்பது வருசம் ஹார்பர்ல கிரேன் ஓட்டின ஆளு, போட்ல ஏறினா வாந்தி. உனக்கு நாலு தூண்டில்.

பிராங்கிளின்: பார்க்கின்சன் கை ஜூடி. போன்ல ஆர்டர் பட்டன ஒரு தடவ தான் அமுக்கினேன். நடுக்கத்துல நாலா பூட்ச்சு.

ஜூடி: நடுக்கம் நின்னு ஆறு மாசம் ஆவுது. அந்த புது மாத்திரையில.

பிராங்கிளின்: ஆமால்ல... சாக்கு பழசா பூட்ச்சு. வேற யோசிக்கணும்.

ஜூடி: யோசி. டைம் கீது.

பிராங்கிளின்: நெஜத்த சொல்லட்டா? அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு செகண்டு... கப்பல்லேர்ந்து கண்டெய்னர் எழும்பும்போது வயித்துக்குள்ள ஒண்ணு தூக்கும் பாரு, அப்படி. பொட்டி வூட்டுக்கு வந்தா ஒண்ணுமில்ல. பிரிக்கக்கூட தோணாது. அடுத்தத தேடிகினு இருப்பேன்.

ஜூடி: கட்டில் அடியில எட்டு பொட்டி பிரிக்காம கீது.

பிராங்கிளின்: ஒம்போது. இருவது டன்ன அரை அங்குலம் பெசகாம எறக்கின ஆளு நானு. இந்த ஒரு கட்டை விரல புடிச்சி நிறுத்த முடில. நல்ல ஆபரேட்டரு.

ஜூடி: இந்தா, மொதல்ல தண்ணி குடி.

பிராங்கிளின்: நேத்து பாத்ரூம்ல போனோட ரெண்டு மணி நேரம் குந்திகினு இருந்தேன்ல. நீ கதவ தட்னது கேட்டுச்சு. ரெண்டு காலும் மரத்து பூட்ச்சு, எழுந்துக்க முடில. வெக்கத்துல குரலும் குடுக்கல.

ஜூடி: ஆளு பூட்டேன்னு நெனச்சேன்யா. பக்கத்து வூட்டு மஜீது பாய் கடப்பாறை எடுத்துகினு ஓடியாந்தாரு.

பிராங்கிளின்: அவர சும்மாவா அனுப்பினேன்? ஒரு தூண்டில் குடுத்தேன்.

ஜூடி: வெளாடாத. உள்ள டாக்டரு இன்னா கேட்டாரு? என்னை வெளிய நிக்க சொல்லிட்டாரே.

பிராங்கிளின்: நட, திரும்பு, விரல தட்டுன்னாரு. எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

ஜூடி: அவ்ளோ தானா?

பிராங்கிளின்: இன்னொண்ணும் கேட்டாரு... எதையாவது அடக்க முடியாம செய்யறீங்களா, போனு, பொருள் வாங்கறது, அந்த மாதிரின்னு. இந்த மாத்திரை சில பேரை அப்படி பண்ணுமாம்.

ஜூடி: நீ இன்னா சொன்ன?

பிராங்கிளின்: இல்லன்னேன்.

ஜூடி: ஏன்யா?

பிராங்கிளின்: அப்படி எதுனா இருந்தா மாத்திரைய கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கணும்னாரு. நடுக்கம் திரும்ப வந்தா? சட்டை பட்டன நீ போடணும், சோத்த நீ ஊட்டணும். அதுக்கு தூண்டிலே தேவலன்னு... ஏய், மாத்திரையால தான்னு சொல்றேன். நீ ஆச்சரியமே படல.

ஜூடி: டோக்கன் பாரு, வரப்போவுது.

பிராங்கிளின்: இன்னும் பதினஞ்சு கீது. உனக்கு முன்னாடியே தெரியுமா?

ஜூடி: போன தடவ... நீ எக்ஸ்ரே எடுக்க போனப்ப என்கிட்ட தனியா கேட்டாரு. வூட்ல ராவும் பகலும் போன் பாக்கறாரா, எதனா வாங்கி குவிக்கிறாரான்னு.

பிராங்கிளின்: நீ இன்னா சொன்ன?

ஜூடி: அப்படிலாம் இல்ல டாக்டர்னேன்.

பிராங்கிளின்: அடிப்பாவி. வூட்ல டெய்லி எனக்கு அர்ச்சனை. அங்க போயி பொய்யா? இன்னாத்துக்குமே?

ஜூடி: மூணு வருசமா உன் மூஞ்சி செவுரு மாதிரி இருந்துச்சு. நான் சிரிச்சாலும் அதே மூஞ்சி, அழுதாலும் அதே மூஞ்சி. கோவிச்சுகினியா, புடிக்கலயா, ஒண்ணும் தெரியாது. வியாதி அப்படி தான் பண்ணும்னாங்க. இந்த மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வாரம் இருக்கும், மீன் வாங்கினு வர்றேன், நீ வாசல்ல நின்னுகினு என்னைய பாத்து சிரிச்ச. கூடைய அங்கயே வெச்சிட்டு படிக்கட்டுல குந்திட்டேன். கொறைச்சா அது பூடுமேன்னு தான்யா வாயே தொறக்கல. நேத்து அந்த கதவாண்ட நிக்கும்போது, சிரிக்காட்டி போவுது, ஆளு இருந்தா போதும்னு தோணிச்சு... எழுந்திரு. டாக்டரு கெளம்பறதுக்குள்ள ரெண்டு பேரும் போயி சொல்லிடலாம்.