இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எழுத்து வேலை

"ஹலோ... ஹலோ... அமுதவள்ளி டீச்சருங்களா? ... நான் ஷெர்லின் அப்பா பேசுறேன் டீச்சர். சத்தியநேசன். ... ஆமா ஆமா, ஏலக்காய்க் கடை. ... நல்லாருக்கோம். ... இல்லைங்க, சும்மாதான் கூப்பிட்டேன். ... சும்மான்னா... இந்த வீட்டுப்பாடம் விசயமா."

சத்தியநேசன் கல்லாவை விட்டு எழுந்து கடை வாசலுக்கு வந்தார். உள்ளே கடைப்பையன் பால்பாண்டி மூட்டைகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் வாயை அவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூட்டையின் மேலும் ஒரு சாண் ஆழத்துக்குப் பெரிய பெரிய பச்சைக் காய்கள், மலையே இறங்கி வந்து உட்கார்ந்ததுபோல மினுங்கின. அந்த ஒரு சாணுக்குக் கீழே இருந்ததெல்லாம் பொடிக் காய். வாங்க வருகிறவர்கள் மேலே ஒரு கை அள்ளி, மோந்து பார்த்து, தலையாட்டுவார்கள். அடிவரை கையை விட்டுப் பார்க்கிற வழக்கம் கடைத்தெருவில் இல்லை.

"எழுத்து வேலையை நிப்பாட்டிட்டீங்களாமே? ... ஆமா, பாப்பா சொன்னா. அப்பா அம்மா சோலியக் கூட நின்னு பாக்கணும், புரியாததை ஒரு கேள்வி கேக்கணும். ... கேக்க நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா கையெழுத்து என்னாகும்? எழுத எழுதத்தான கை படியும்? ... கிளாஸ்லயே எழுதுறாங்களா. ... ஓ. ... வாய்ப்பாடு? ... அதுவும் கிளாஸ்லயா. ... சரி சரி. அப்போ வீட்டுக்கு வந்து பிள்ளை என்னதான் செய்யும்? ... விளையாடும்... ஆமா... விளையாடலாம்..."

மத்தியானச் சாப்பாட்டிலிருந்து யோசித்துச் சேர்த்து வைத்த காரணங்கள் எல்லாம் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிட்டன. சத்தியநேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மத்த பிள்ளைக கேக்குறதெல்லாம் தங்கம் டீச்சர். ... ஈஸ்வர் என்ன கேட்டான்? ... போடிமெட்டு வளைவுல ஜீப்பு ஏன் ஆரன் அடிக்குதுன்னா? பாருங்க, அது கேள்வி! யாருக்கும் சேதாரம் இல்லை. ... பவித்ரா? ... ஏலச்செடி ஏன் அடியில பூக்குதுன்னு அவங்கம்மாகிட்டயா? அருமை! ... ஷெர்லினா? ... அவ ஒண்ணும் பெருசா கேக்கலை. ... இல்லைங்க... சரி, சொல்றேன். நேத்து சீனிச்சாமி அண்ணன் வந்திருந்தாரு. விருதுநகர் வியாபாரி, மொத்தமா எடுக்குறவரு. மூட்டையில கை வைக்கப் போறாரு, இவ குறுக்க வந்து நிக்கிறா. ... என்ன கேட்டாளா? ... 'மேல மட்டும் ஏம்ப்பா பெரிய காயி?' ... டீச்சர்? ... சிரிக்கிறீங்களா? ... இருமலா. சரி."

"அவரு காதுல பாதி விழுந்திருச்சு. டீ கொண்டாடா, வடை கொண்டாடான்னு கத்திச் சமாளிச்சேன். இன்னைக்குச் சாயங்காலம் மறுபடி வர்றேன்னுட்டுப் போயிருக்காரு. ... ஏமாத்துறதா? ஐயோ, என்ன வார்த்தை டீச்சர்! முகப்பு. அதுக்குப் பேரு முகப்பு. கல்யாண வீட்டுல வீடியோக்காரர் வர்ற வரிசையில யாரை உக்கார வைப்பீங்க? பட்டுச்சேலை கட்டுனவங்களைத்தான? ... கீழ இருக்கதும் ஏலக்காய்தான். புளியங்கொட்டையா போட்டு வச்சிருக்கேன்?"

பால்பாண்டி முதுகு குலுங்கத் திரும்பிக்கொண்டான். சத்தியநேசன் அவனை ஒரு முறை முறைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்கம்மா சாந்தகுமாரி பூப்பாறைக்குக் காய் எடுக்க ஜீப்புல போயிருக்கா. இருட்டித்தான் வருவா. ஸ்கூல் விட்டா பாப்பா நேரா கடைக்குத்தான். அதனால... இன்னைக்கு ஒரு நாள் மட்டும்... எழுத்து வேலை குடுங்க டீச்சர். ... கொஞ்சம் நிறையா. ... பதினாறாம் வாய்ப்பாடு, அம்பது தடவை. ... வேண்டாமா, இருபது. அங்கயே உக்கார வச்சு, பொழுது சாயுற வரைக்கும். ... தண்டனை இல்லீங்க, அன்பாக் குடுங்க. ... என்னது? ... கிளம்பிட்டாளா? ... யாரு கூட? ... எல்லாரும்னா? ... ஓஹோ. தினம் ஒரு பிள்ளை வீட்டுச் சோலியைக் கிளாஸே போய்ப் பாக்கணுமா. ... நல்ல ஏற்பாடு. ... இன்னைக்கு யாரு வீட்டுச் சோலி? ... சீட்டுக் குலுக்கினீங்களா. ... ஆமா. ... ஆமா ஆமா. ... யாரு பேரு வந்துச்சு?"

பதில் வருவதற்கு முன்பே தெருமுனையில் பதில் தெரிந்தது. புத்தகப் பைகளும் சீருடைகளுமாக ஒரு கூட்டம், முன்னால் ஷெர்லின், யாரும் காலடி வைக்காத கண்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற தலைவி மாதிரி. அவள் பக்கத்தில் ஒரு பெரியவர் குனிந்து, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். சீனிச்சாமி.

"பால்பாண்டி! டேய், வெரசா! அந்த ஓர மூட்டையைக் கொட்டு! ... கீழதான்டா, தார்ப்பாயில! ... ஏன் எதுக்குன்னு நீயும் கேக்காத! கலக்கு, கையை விட்டுக் கலக்கு! ... டீச்சர், லைன்லயே இருங்க. ... வாங்கண்ணே, வாங்க வாங்க! ... பாப்பா, பெரியப்பாவுக்கு வழி விடு. ... இதுவாண்ணே? கொட்டி... கொட்டி வச்சிருக்கு. ... பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்ணே. ஏலக்காய்ல பெருசு, சிறுசு, எல்லாமும் இருக்கும்னு பிள்ளைக பாக்கணும்ல? ... ஆமாண்ணே, ஒளிவுமறைவு எதுக்கு? நம்ம கடையில என்னைக்கு இருந்துச்சு? ... டீச்சரே லைன்ல இருக்காங்க, வேணும்னா கேளுங்க!"

சீனிச்சாமி கேட்கவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தார்ப்பாய் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் பிள்ளைகள். குவியலுக்குள் கைகள் அளைந்தன, பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். பெரியவர் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. தலையாட்டி நாலு காயை மோந்து பார்த்தார். சத்தியநேசனுக்கு மூச்சு வந்தது.

"டீச்சர்... இருக்கீங்களா? ... நல்ல திட்டம் டீச்சர், மறுத்துப் பேச ஒண்ணுமே இல்லை. நான் சொன்னதையெல்லாம் மறந்துருங்க. எழுதி எழுதி என்னத்தக் கண்டோம்? ... ஆமா ஆமா, பெற்றோர் கூட்டத்துல நானே எந்திரிச்சுச் சொல்றேன். பிள்ளைன்னா கேக்கணும். கேட்டாத்தான் அறிவு. ... இருங்க, பாப்பா சட்டையப் பிடிச்சு இழுக்குறா. ... என்னம்மா? ... அடுத்த மூட்டையா? எதுக்கும்மா? ... எல்லாம் இப்படித்தானான்னு பாக்கணுமா? ஒண்ணு பாத்தாப் போதாதா? ... யாரு சொன்னா, ஒண்ணை வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு? ... டீச்சர் சொன்னாங்களா. ... அண்ணே, நீங்க ஏண்ணே எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, டீ வருது. ... பால்பாண்டி, மூட்டைய விடுடா! யாரைக் கேட்டுச் சாய்க்கிற? ... அண்ணன் சொன்னாரா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டீச்சர்... டீச்சர், எழுத்துதான்னு இல்லை. படம் வரையச் சொல்லுங்க. பாட்டுப் பாடச் சொல்லுங்க. ஓடிப்பிடிச்சு விளையாடச் சொல்லுங்க, நீங்கதான சொன்னீங்க, விளையாட்டு நல்லதுன்னு. எதுனாலும் சரி, இங்கயிருந்து ஒரு பர்லாங்கு தள்ளி... ஹலோ? ... டீச்சர்? ... ஹலோ?"

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டார்கள். பின்னால் இரண்டாவது மூட்டை தார்ப்பாயில் சரசரவென்று சரிந்தது. மேலே ஒரு சாண் பச்சை முதலில் வந்தது, அப்புறம் மிச்சமெல்லாம் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஓ" என்றார்கள். சீனிச்சாமி சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு மூன்றாவது மூட்டைக்குப் போனார்.

சத்தியநேசன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஃபோன் பேசுகிறவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"ஆமாங்க... ஆமா ஆமா... சொல்லுங்க டீச்சர்... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்..."