எங்கட கடதாசி, எங்கட ஆள்

பிழை பொறாத பெருமாட்டியே! பிசகு கண்ட இடத்தில் பென்சில் ஊன்றிய பேரறிவே! வெய்யிலென்றும் மழையென்றும் வெடிச்சத்தமென்றும் பாராது வெள்ளவத்தையிலிருந்து வந்து, கணனிக்கூடத்தின் கதவைக் காலையில் முதலில் திறந்த கண்ணியமே! எங்கள் அருந்ததி அக்காவே! திருமதி அருந்ததி நாகேந்திரம் அவர்களே! வணக்கம்.

இது மேலிடம் பார்த்துத் திருத்திய பிரியாவிடை மடல் அல்ல. அந்த மடலில் தாங்கள் அமைதியானவர், அடக்கமானவர், அனுசரித்துப் போகிறவர் என்று இருந்தது. அமைதியாம்! பிழையான புரோகிராமைக் கண்டு தாங்கள் அமைதியாக இருந்ததை இந்த மண்டபத்தில் யாராவது பார்த்ததுண்டா? அதைக் கூடைக்குள் போட்டுவிட்டோம். நாங்கள் எழுதிக் கொடுத்ததில் எந்தப் பகுதி சிவப்பு மையால் வெட்டப்பட்டதோ, அந்தப் பகுதியைத்தான் இப்போது வாசிக்கிறோம். தங்கள் கதையைத் தங்களிடமே சொல்வது அழகல்ல. ஆகவே சபையோருக்கும், சிறப்பாக மேடையின் நடுக்கதிரையில் வீற்றிருக்கும் முகாமையாளர் திரு. பாலசுந்தரம் அவர்களுக்கும், அருந்ததி அக்கா என்ற ஒருவரின் கதையாகவே சொல்கிறோம்.

அருந்ததி அக்கா இந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கு வந்த காலத்தில், கணனியைத் தொட்டால் ஷொக் அடிக்கும் என்று பயந்த இலிகிதர்கள்தான் இங்கே இருந்தார்கள். அவர்களைப் பிடித்து உட்காரவைத்துத் தொழில் பழக்கியவர் அவர். "மெஷின் நீங்கள் நினைச்சதைச் செய்யாது, சொன்னதைத்தான் செய்யும். அதோட கோபிச்சு என்ன பிரயோசனம்? சொன்னதைத் திருத்துங்கோ" என்பார். ஓடுகிற புரோகிராமைத் தொடாதே என்று யாராவது புத்தி சொன்னால், "அது ஏன் ஓடுது எண்டு தெரியாதவைதான் அப்பிடிச் சொல்லுவினம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த கிழமை, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, எல்லாப் புரோகிராமுக்கும் விளக்கக் குறிப்பு எழுதவைத்தார். "நாளைக்கு நான் வராட்டிலும் வாசிக்கிறவைக்கு விளங்கவேணும்." மற்ற ஊர்களில் அது தொழில் ஒழுங்கு. கொழும்பில் அது வீட்டிலிருந்து புறப்படும்போது எல்லோருக்கும் இருந்த யோசனை.

அவருக்கு உச்சந்தலையில் ஏறுகிற கோபம் ஒன்றே ஒன்றுதான். பிழையை விழுங்கிவிட்டு எல்லாம் சரி என்று முடிகிற புரோகிராம்! நடுவழியில் விழுந்து கத்துகிற புரோகிராமை அவர் தட்டிக்கொடுப்பார், விழுங்குகிறதைக் கிழித்தெறிவார். முக்கியமான வேலை எதையும் செய்யமுன் அவருடைய புரோகிராம் திரையில் ஓம், இல்லை என்று கேட்டு நிற்கும். பதில் வரும்வரை நகராது. "நிக்கட்டும். ஆர் அவசரப்பட்டாலும் நிக்கட்டும்" என்பார்.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், புதுப்பித்தல் அறிவித்தல்களை அடிக்கும் புரோகிராம் பாதியில் விழுந்தது. திங்கட்கிழமை அவை தபாலுக்குப் போகாவிட்டால் எத்தனையோ குடும்பங்களின் காப்புறுதி அறுந்துபோகும். விழுகிற நேரத்தில் தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் கணனி கடதாசியில் கக்கும். பக்கம் பக்கமாக வெறும் இலக்கங்களும் எழுத்துக்களும். அதை வாசித்துத்தான் பிழையைப் பிடிக்கவேண்டும். நிறுவனத்தின் கடதாசி வெளியே போகக்கூடாது என்பது தலைமைக் காரியாலயத்தின் கட்டளை. முகாமையாளரோ, "வீட்ட கொண்டுபோய்ப் பாருங்கோ, மிஸிஸ் நாகேந்திரம். கேட்டா நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

பார்த்துக்கொண்டாரே! காலி வீதி பஸ்ஸில் பென்சிலும் கையுமாக வாசித்துக்கொண்டு போன அருந்ததி அக்காவை, வெள்ளவத்தைக்குக் கிட்டச் சோதனைச்சாவடியில் எல்லோரோடும் இறக்கினார்கள். "மே மொகத?", என்ன இது, என்று சிங்களத்தில் கேட்டுக் கடதாசியைப் பிடுங்கிய ஆமிக்காரனுக்கு இது என்னவென்று எப்படி விளங்கும்? ஒரு சொல்கூட இல்லாத தாள்கள், நடுவில் பென்சில் வட்டங்கள், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொறுப்பதிகாரி நியாயமாகத்தான் நடந்தார். இது உங்கள் கடதாசியா, இவர் உங்கள் ஆளா என்று காரியாலயத்துக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

ஓம் என்றால் முடிந்திருக்கும். ஒரு சொல்! முகாமையாளர் சொன்னது, பக்கத்தில் நின்ற ஒப்பரேட்டர் மஹ்ரூபின் காதில் இன்றும் கிடக்கிறது. "எங்கட பேப்பர் ஒண்டும் வெளியில போறேல்ல, சேர். எனக்குத் தெரியாது."

தமிழன் என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும். அது எங்களுக்கும் தெரியாததா? ஆனால் அவர் காப்பாற்றியது தன் உயிரையல்ல, தன் கதிரையை. அதற்கு விலையாக அருந்ததி அக்கா பொலிஸ் நிலையத்துச் சீமெந்துத் தரையில் கிடந்தார்.

மறுநாள் சோற்றுப் பார்சலோடு போன மஹ்ரூபிடம் அவர் முதலில் கேட்டது, "அறிவித்தல் ரன் ஓடி முடிஞ்சுதே?"

"மிஸ், நீங்க இங்க இப்படி இருக்கிறீங்க, ரன்னையா கேக்கிறீங்க?" என்று மஹ்ரூப் அழுதுவிட்டார்.

"அழாமல் கேளும். பிழையை நான் பஸ்ஸிலயே பிடிச்சிட்டன். ஒரு கிளைக் கந்தோர் வயசுக்குரிய இடத்தை வெறுமையா விட்டிருக்கு. புரோகிராம் வெறுமையை இலக்கமெண்டு கூட்டப்போய் விழுந்திருக்கு. தாண்டிப் போக விடாதேயும். ஆரின்ர இடம் வெறுமை எண்டு பேரைச் சொல்லி நிக்கவையும்."

மஹ்ரூப் திருத்தினார். அறிவித்தல்கள் திங்கட்கிழமை தபாலுக்குப் போயின. தலைமைக் காரியாலயத்தின் பாராட்டு முகாமையாளருக்கு வந்தது. வெட்கமில்லாமல் அதைச் சுவரிலும் மாட்டினார். அதே திங்கட்கிழமை, யாரும் அனுப்பாமலே, எங்கள் மூத்த ஒப்பரேட்டர் ஹெக்டர் ஐயா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். "மே அபே கடதாசி, சேர். மே அபே நோனா" என்றார். எங்கட கடதாசி, எங்கட ஆள். பொறுப்பதிகாரி கதவைத் திறந்துவிட்டார்.

அருந்ததி அக்கா மறுநாளே வேலைக்கு வந்தார். ஆனால் அவருடைய கோப்பில் பொலிஸ் விசாரணைக்கு உட்பட்டவர் என்று ஒரு வரி ஏறியிருந்தது. எழுதிய கை எதுவென்று சபைக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வரியால் பதவியுயர்வு போனது. இன்னும் இரண்டு வருடம் வேலை செய்ய அவர் கேட்ட சேவை நீடிப்பும் அதே வரியைக் காட்டித்தான் மறுக்கப்பட்டது. அதனால்தான் இன்று இந்த மாலை, இந்தப் பொன்னாடை, இந்தப் புன்சிரிப்பு எல்லாம்!

அக்கா! தாங்கள் நோய்நொடியின்றி, நிம்மதியான நித்திரையோடு, சோதனைச்சாவடி இல்லாத வீதிகளில் நடந்து நெடுங்காலம் வாழவேண்டும் என்று மனதார வாழ்த்துகிறோம். தாங்கள் பழக்கிய முறைப்படியே இந்த மடலையும் செய்திருக்கிறோம். கீழே எல்லோரும் ஒப்பமிட்டுவிட்டோம். ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. வெறுமையைச் சம்மதமென்று கூட்டமாட்டோம், தாண்டிப் போகவும் மாட்டோம்.

திரு. பாலசுந்தரம் அவர்களே, அது தங்கள் இடம். ஓம் என்று எழுதினால், நாளைக் காலை கோப்பிலிருந்து அந்த வரி போகவேண்டும். நீடிப்பை மறுக்கக் காரணமும் இல்லாமற் போகும். பேனா தங்கள் முன்னால் இருக்கிறது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் இன்னும் போடவில்லை. விருந்துப் புரியாணி ஆறட்டும், நாங்கள் நிற்கிறோம்.

இங்ஙனம்,
கணனிப் பிரிவு ஊழியர்கள்
மஹ்ரூப், ஹெக்டர், மற்றும் அனைவரும்
கொழும்பு
பங்குனி 2000

இது எங்கட கடதாசியா? இவர் எங்கட ஆளா?
ஓம் / இல்லை: ....................
முகாமையாளர்