மூணாவது திருப்பம்

மத்தியானம் மூணு மணி. ஆமா தாவ், மத்தியானம்தான். பேய்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரணும்னு உனக்கு யாரு சொன்னது? நம்ம மலையில மூடுபனி எறங்கிட்டா மத்தியானமும் ஒண்ணுதான், நடுராத்திரியும் ஒண்ணுதான். விறகை உள்ள தள்ளு. மேல டூரிஸ்ட்டுங்க தூங்குறாங்க, கெக்கேபிக்கேன்னு சிரிக்காதீங்க.

மூணு மணி... மூங்கில் காடு. ஓடைக்கு எறங்குற அந்த வழுக்குப் பாதை. நாளைக்கு நாம இவங்களை நடத்திக் கூட்டிட்டுப் போகப்போற அதே பாதைதான். எனக்கு நடந்ததில்ல இது. என் சிநேகிதி ஸாய் இருக்கால்ல, அவளோட அண்ணி கெங்குக்கு நடந்தது. கெங்கை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். பதினாலு வருஷமா கூடையை முதுகுல மாட்டிக்கிட்டு டூரிஸ்ட்டுங்க முன்னாடி நடக்கறவ. சிரிக்கவே மாட்டா. ஆனா எவனையும் விழ விட்டதில்ல.

அந்த மூணு மணிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, தெக்க சைகோன்லேர்ந்து அஞ்சு பேர் வந்தாங்க. ஒரே ஆபீஸ்காரங்க. ரெண்டு நாள் நடை. அதுல ஒருத்தன் பேரு கியெத். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நீல மழைக்கோட்டு. கடை வாசல்ல தொங்குமே, மெல்லிசு பிளாஸ்டிக், அது. நடந்தா சரக்... சரக்... அவன் வாய் அதைவிட சத்தம். "அக்கா, எங்க ஆபீஸ் படிக்கட்டுக்கு இது எவ்வளவோ தேவலை. அங்க ஒவ்வொரு படியிலயும் ஒரு மேனேஜர் நிப்பான்"னு வழியெல்லாம் ஜோக் அடிச்சுட்டே வந்தானாம்.

ஓடை மேல மூங்கில் பாலம். நடுவுல வந்ததும் வழுக்கிட்டான். தண்ணியில விழல. கால் ரெண்டும் கீழ தொங்க, பாலத்துலயே பொத்துனு உக்காந்துட்டான். ஒரு கீறல்கூட இல்ல. ஆனா மூஞ்சி வெளுத்துப் போச்சு. கொஞ்ச நேரம் அந்தத் தண்ணியையே பார்த்தான். அப்புறம் எழுந்து வந்துட்டான்.

நாம என்ன செய்வோம்? பயந்த எடத்துலயே நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். "வா, எங்கூட வா, இங்கயே உக்காந்துடாதே"ன்னு. அரை நிமிஷ வேலை. நம்ம புள்ளைங்க கல்லு தடுக்கி விழுந்தாக்கூட செய்யறோம். கெங் செய்யல. "நடங்க, நடங்க, மழை வருது"ன்னு எல்லாரையும் வெரட்டிட்டுப் போயிட்டா.

ஏன் செய்யலன்னு கேக்காதே மீ. சொல்றேன். அவசரக்குடுக்கை.

ராத்திரி தங்கற வீட்ல எல்லாரும் அடுப்பைச் சுத்தி உக்காந்திருக்காங்க, இதோ நாம உக்காந்திருக்கற மாதிரி. அடுப்பு மேல இரும்புக் கெட்டில். கியெத் தண்ணி ஊத்திக்கலாம்னு எடுத்தான். பிடியைப் பிடிக்கல. கெட்டிலோட அடியைப் பிடிச்சுத் தூக்கினான். வெறுங்கையால. சொய்ய்ங்... தோல் கருகுற நாத்தம். அவன் பாட்டுக்கு நிதானமா கிளாஸ்ல ஊத்திட்டிருக்கான். பக்கத்துல இருந்த பொண்ணு வீல்னு கத்தினப்புறம்தான் கையைப் பார்த்தான். "ஓ"ன்னான். அவ்ளோதான். சாப்பிடும்போது ஜோக்கும் இல்ல, பேச்சும் இல்ல. மறுநாள் கையில துணியைச் சுத்திக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டான்.

கெங்குக்குத் தெரியும். கெட்டிலைப் பார்த்தப்பவே தெரியும். வந்தது உடம்பு மட்டும்தான்னு.

பதினோரு நாள் போச்சு. கெங் வேற ஒரு கூட்டத்தை அழைச்சுட்டு கணவாய் மேல ஏறினா. அவங்க ஊர்ப்பக்கம் போன் பேசணும்னா அங்கதான் போகணும், வேற எங்கயும் சிக்னல் கிடையாது. ஏறினதுமே போன் அடிச்சுது. "அக்கா, நான் கியெத்தோட வீட்டுக்காரி, தூய்"னு ஒரு குரல். அழுது அழுது தொண்டை கட்டின குரல்.

"நாங்க ஒன்பதாவது மாடிக்கா. பால்கனி கம்பிக்கு நடுவுல காலை வெளிய தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. எழுப்பினா வர்றாரு. ஊட்டினா முழுங்குறாரு. டாக்டருங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. பேசறது ஒரே ஒரு பேச்சு. 'தண்ணி சத்தம் ஜாஸ்தியா இருக்கு'ங்கறாரு. இங்க ஏதுக்கா தண்ணி? எங்க பொண்ணுக்கு நாலு வயசு, அது அவர்கிட்டயே போக மாட்டேங்குது. எங்கம்மாதான் சொன்னாங்க, 'அவரு எங்கயோ பயந்திருக்காரு, உயிர்ல பாதி அங்கயே தங்கிடுச்சு, கூட்டிட்டுப் போனவங்களைக் கேளு'ன்னு. எங்கயாவது பயந்தாராக்கா?"

சமவெளிக்காரங்களுக்கும் இதெல்லாம் தெரியுது பாருங்க. ஒரு மாசம் தாண்டிட்டா உடம்பு தாங்காதுன்னு கெங்குக்குத் தெரியும். தன் தப்புன்னும் தெரியும். "அவரு போட்ட சட்டை ஒண்ணு அனுப்பு. துவைக்காதே. நான் கூப்பிட்டு அனுப்பறேன்"னா.

மூணு நாள்ல பஸ்ல சட்டை வந்துச்சு. கெங் ஒரு பச்சை முட்டை, ஒரு பிடி அரிசி, ஊதுவத்தி, அந்தச் சட்டை, இதெல்லாம் எடுத்துக்கிட்டு தனியாப் போனா. அதான் நான் சொன்ன மூணு மணி. பனின்னா பனி, கையை நீட்டினா விரல் தெரியல.

இப்ப சொல்றேன் மீ, அன்னிக்கு ஏன் கூப்பிடலன்னு. கெங் அந்தப் பாலத்துல நிக்கவே மாட்டா. கண்ணைத் தாழ்த்திக்கிட்டு விறுவிறுன்னு கடந்துடுவா. அவ புருஷன், ஸாயோட அண்ணன் லுங், போனது அங்கதான். ஏலக்காய் மூட்டையோட வந்தான். காட்டுல புகை போட்டுக் காயவெச்சு எறக்குற காய். ஓடையில வெள்ளம். மூட்டை மட்டும் கீழ ரெண்டு மைல் தள்ளி கெடைச்சுது. ஆள் கெடைக்கல. ஒன்பது வருஷம் ஆச்சு.

பொணம் இல்லாட்டி என்ன, துணியை வெச்சு காரியத்தை முடிப்போம், உயிருக்கு வழி சொல்லி அனுப்புவோம்னு ஊரே சொல்லிச்சு. கெங் விடல. "ஆள் வந்துடுவாரு. சாவு மேளம் அடிச்சா நான் வீட்டைக் கொளுத்துவேன்"னா. அப்படியே விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அவ அழுததை யாரும் பார்த்ததில்ல. "மனசு மரத்துப் போச்சு ஸாய். கிள்ளினாலும் வலிக்காது"ன்னு ஒருதடவை சொன்னாளாம்.

அந்தப் பாலத்துல ஒன்பது வருஷம் கழிச்சு உக்காந்தா. நடுவுல. ஊதுவத்தி ஏத்தினா. அரிசியை எறைச்சா. சட்டையை விரிச்சுப் பிடிச்சா.

"கியெத்... வா. வீட்டுக்கு வா. இந்தத் தண்ணி வேணாம், இந்தக் கல்லு வேணாம். சோறு சூடா இருக்கு. உன் பொண்டாட்டி காத்திருக்கா. எழுந்து வா..."

ஓடை சத்தம் மட்டும்தான். அப்புறம்... பாலம் லேசா ஆடிச்சு. யாரோ எழுந்திருக்கற மாதிரி. சரக்.

கெங் சட்டையைச் சுருட்டி மார்ல வெச்சுக்கிட்டு, முட்டையை உள்ளங்கையில பொத்திக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா. திரும்பிப் பார்க்கக் கூடாது. பாலத்துலேர்ந்து கணவாய்க்கு அஞ்சு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்துலயும் பேரைச் சொல்லிக் கூப்பிடணும், இல்லாட்டி கூட வர்றது வழி தவறிடும். உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

மொதல் திருப்பம். "கியெத், வா." பின்னாடி சரக்... சரக்...

ரெண்டாவது திருப்பம். "கியெத், வா." சரக்... சரக்... கொஞ்சம் பின்தங்கி வருது. பாவம், மலை ஏறிப் பழக்கமில்லாதவன்.

மூணாவது திருப்பத்துக்கு முன்னாடி ஒரு வாசனை. ஏலக்காய்ப் புகை. பக்கத்துல யாரோ காயவெக்கறாங்கன்னு நெனச்சா. அப்புறம்தான் உறைச்சுது, இது காய் பறிக்கற மாசமே இல்லன்னு. உள்ளங்கையில இருந்த முட்டை அதுவரைக்கும் ஜில்லுனு இருந்தது. வெதுவெதுன்னு ஆச்சு. பின்னாடி இன்னொரு காலடி. வெறுங்கால். சேத்துல நல்லாப் பதிஞ்சு வர்ற, மலையேறிப் பழகின கால். சளக், சளக், சளக். கழுத்துகிட்ட வந்துடுச்சு.

மூணாவது திருப்பத்துல கெங் பேரைச் சொல்லல.

"ஏன் அண்ணி சொல்லல?"ன்னு ஸாய் கேட்டிருக்கா. "மறந்துட்டேன்"னாளாம். நாலாவதுலயும் மறந்துட்டா. அஞ்சாவதுலயும் மறந்துட்டா. "வா"ன்னு மட்டும் சொன்னா. வெறும் "வா."

கணவாய் மேல வந்து போனைப் போட்டா. வீடு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கு, வாசப்படிக்கு எங்க போறது? அதனால முன்னாடியே பேசி வெச்சிருந்தாங்க. தூய் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு போனை வாசப்படியில வெக்கணும்னு.

"கதவு திறந்தாச்சா?"ன்னா கெங்.

"திறந்தாச்சுக்கா. உள்ள வரச் சொல்லுங்க."

"போ"ன்னா கெங். கழுத்துகிட்ட இருந்த சூடு சட்டுனு போச்சு. முட்டை மறுபடி ஜில்லுனு ஆச்சு.

போன்ல ஏதோ நாற்காலி விழுந்த சத்தம். தூய் கத்தறா. "எழுந்துட்டாருக்கா! அவராவே எழுந்து உள்ள வந்துட்டாரு! என்னைப் பார்க்கறாரு!" அழறா, சிரிக்கறா, பொண்ணைக் கூப்பிடறா. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அக்கா... ஏதோ பேசறாரு. எனக்குப் புரியல. இது எந்த ஊர் பேச்சு? நீங்க கேளுங்களேன்"னு போனை அவன் கையில குடுத்தா.

கியெத்தோட குரல்தான். ஆனா பேசினது நம்ம பேச்சு. நம்ம ஊர் இழுவையோட.

"ஏன் கெங் இவ்ளோ நாளாச்சு?"

மூணு மலைக்கு அந்தப் பக்கம் நாய் குலைக்கற சத்தம்கூட கேட்டுதாம், அவ்ளோ அமைதி. தூய் போனை வாங்கிட்டா. "என்னக்கா சொன்னாரு?"

கெங் சொன்னா: "பசிக்குதாம். சோறு போடு."

அழைப்பைத் துண்டிச்சுட்டா.

அப்பத்தான் கீழ பாதையில கேட்டுச்சு. சரக்... சரக்... பின்தங்கினவன் அந்த வெறும் "வா"வைப் பிடிச்சுக்கிட்டு இப்பத்தான் ஏறி வர்றான். அஞ்சாவது திருப்பம்... சரக்... கடைசி மேடு... சரக்... வந்து அவ பக்கத்துல நின்னுடுச்சு. ரொம்பக் கிட்ட. ஓடைத் தண்ணி நாத்தம். பிளாஸ்டிக்ல இருந்து தண்ணி சொட்டற சத்தம். அன்னிக்கு மழையே இல்ல.

கெங் திரும்பிப் பார்க்கல. சட்டையைக் கூடைக்குள்ள போட்டா. "கதவு சாத்தியாச்சு தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு எறங்கி வீட்டுக்குப் போயிட்டா. அது பின்னாடி வரல. யாராவது பேரைச் சொன்னாத்தானே வரும்?

என்ன தாவ்? மறுபடி கூப்பிட்டு அனுப்பலாமேவா? அனுப்பலாம்டா. ஆனா ஒரு உடம்புல ஒருத்தருக்குத்தான் எடம். இவனை உள்ள விடணும்னா லுங்கை வெளிய கூப்பிடணும். யாரு கூப்பிடணும்? கெங்தான் கூப்பிடணும். அவனை வெளிய கூப்பிடுன்னு ஸாயே அவகிட்ட கேக்கலயே. சொந்த அண்ணனாச்சே. ஒரு வார்த்தை கேக்கல. என்கிட்ட இதைச் சொல்லும்போது மூஞ்சில ஒண்ணுமே இல்ல, மரக்கட்டை மாதிரி சொன்னா.

தூய் சந்தோஷமாத்தான் இருக்காளாம். "கொஞ்சம் மாறிட்டாருக்கா, சோளமாவு அவிச்சுக் குடுன்னு சைகையில கேக்கறாரு, செருப்பே போட மாட்டேங்குறாரு, ஆனா பொண்ணைத் தோள்ல தூக்கி வெச்சுக்கறாரு"ன்னு சொன்னாளாம். அவளுக்கு அது போதும்.

நாளைக்கு கணவாய் மேல டூரிஸ்ட்டுங்க போனை எடுப்பாங்க. எடுக்கட்டும். ஆனா யாராவது சைகோனுக்குப் பேசினா அவங்க பக்கத்துல நிக்காதீங்க. யாரு "ஹலோ"ன்னாலும் அது கிட்ட வரும். தன் பேரைச் சொல்றாங்களான்னு காதைக் குடுத்து நிக்கும். சரக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். ஒண்ணும் பண்ணாது.

கெங் இப்பவும் வாராவாரம் சந்தை நாள்ல அங்க ஏறுறா. போன்ல லுங்கோட ஒரு மணி நேரம் பேசறா. அவ பேசி முடிக்கற வரைக்கும் அது பக்கத்துலயே நிக்குமாம்.