தொழுவத்தில் காய்ந்த கரி

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலி போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர். பெரியவர் தன் மடியிலிருந்த சாக்கை நகர்த்திக்கொண்டார்.

“இதுல கைய வச்சிராதேயும் வே. நம்ம கிணத்து விஷம் பூரா இதுக்குள்ள இருக்கு.”

“உமிக்கரிதான அண்ணாச்சி?”

“உமிக்கரிதான். காலேஜ்காரங்க தொட்டியில நிரப்பிட்டுப் போனாங்கல்லா. மேல கிணத்துத் தண்ணிய ஊத்துனா கீழ சுத்தமா வருது. தண்ணியில கெடந்த ஈயத்த எல்லாம் கரி புடிச்சு வச்சிக்கிடும். ஈயம் இனிக்கிற விஷமாம். பழைய கரிய ஒரு பொட்டு சிந்தாம திருப்பிக் கொண்டாங்கன்னு சொல்லிருக்காங்க.”

“சாக்குல பாதிதான இருக்கு?”

“அதான் புரியல. ஈரமா இருக்கேன்னு தொழுவத்துல காயப் போட்டேன். தினம் ரெண்டு கை குறையுது. கரியப் போயி எவன் களவாங்குவான்?”

இளையவர் வாழைத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கருங்குளம் தாண்டியபின்தான் பேசினார்.

“எங்க வீட்டுக்காரிதான் அண்ணாச்சி அள்ளுதா. நீங்க சும்மா காயப் போட்டிருக்கியன்னு நெனச்சிட்டா. உப்பு சேத்து இடிச்சு வச்சிருக்கா, பல்லு தேய்க்க.”

“எத்தன நாளா?”

“தை மாசத்துலேருந்து.”

பெரியவர் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஒம்ம சின்ன மவளுமா?”

“அவதான் ரொம்ப நேரம் தேய்க்கா. உப்புக் கரிதான், ஆனா இனிக்குங்கா.”