நட்சத்திரத்தின் பேரில் ஒரு மனு

ஆலங்காயத்திலிருந்து, வானாய்வகம் இருக்கும் காவலூருக்கு மலை ஏறும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"எங்க சேவலு போன மாசம் ராத்திரி பூரா கூவிச்சிக்கா," என்றாள் இளையவள். என் காது அங்கே போய்விட்டது.

"ஏன், இன்னா ஆச்சி?"

"புது தெருலைட்டு நேரா வூட்டுக்குள்ள அடிச்சிது. அது விடிஞ்சிட்ச்சின்னு நெனச்சிக்கிச்சி."

"மனு போட்டியா?"

"தூக்கம் வர்லன்னு மூணு மனு போட்டேன், ஒருத்தனும் வர்ல. நாலாவதுல, நட்சத்திரம் பாக்குற டெலஸ்கோப்புக்கு வெளிச்சம் அடிக்குதுன்னு எழுதுனேன். மறுநாளே வந்து லைட்டுக்குத் தகர மூடி போட்டுட்டாங்க."

"டெலஸ்கோப்பு உங்க வூட்டாண்டயா இருக்குது?"

"அது மலைக்கு அந்தாண்ட இருக்குது."

பெரியவள் ஒரு கொண்டை ஊசி வளைவு முழுக்க யோசித்தாள்.

"எங்க தெருக் குழாயில தண்ணி வர்ல. அதுக்கும் நட்சத்திரத்த வச்சே எழுதலாமா?"