நிமிர்த்தி வைத்த கம்ப்யூட்டர்

செல்போன் வராத காலம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் சர்க்கரை ஆலை ஆபீஸ்காரர்கள் இருவர்.

"ஆயுதபூஜைக்குப் பொட்டு வெச்சதுலேர்ந்து கம்ப்யூட்டர் பேஜாரு பண்ணுதுண்ணா. யாரு கரும்ப எப்ப வெட்டணும்ன்றதெல்லாம் அதுலதான் கீது."

"பொட்டு வெச்சா என்னடா ஆவும்?"

"மாலை போடறதுக்காகப் பெட்டிய நிமித்தி வெச்சோம்."

"அடப்பாவி! ஹார்டு டிஸ்க்க படுக்க வெச்சி ஃபார்மேட் பண்ணது. நிமித்தினா படிக்காது. பழையபடி படுக்க வெச்சா வந்துடும்."

"கம்ப்யூட்டர சரி பண்ண வந்த சேகர் இப்ப ஆபீஸ்ல திரும்ப ஃபார்மேட் பண்ணிக்கினு இருப்பாண்ணா."

"எல்லாம் அழிஞ்சிடும்டா! ஜல்தி போன் பண்ணு!"

கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்குமுன் இளையவர் குதித்துத் தபால் ஆபீசுக்கு ஓடினார். மற்றவர் கண்டக்டரைக் கெஞ்சி பஸ்ஸை நிறுத்தி வைத்தார்.

இளையவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "மணி அடிக்குதுண்ணா, எடுக்க மாட்றான்."

"எப்படி எடுப்பான்? வேலைல மும்முரமா கீறான்."