அஞ்சு அருள் நிறைந்த மரியே போதாதா

செஞ்ச பாவத்தை ஃபாதர்கிட்டச் சொன்னா, மத்தவங்களுக்கெல்லாம் அஞ்சு அருள் நிறைந்த மரியே ஜெபம்தான் தண்டனை அத்தை. நேத்து எனக்கு முன்னாடி நின்ன சித்தப்பா ரெண்டே நிமிசத்துல பாவசங்கீர்த்தனத்தை முடிச்சுட்டு வந்துட்டாக. எனக்கு மட்டும், "ஈஸ்டருக்கு முன்னாடி உங்க அத்தைகிட்டப் போயி மன்னிப்புக் கேளும்மா"ங்கிறாரு ஃபாதர். நாளைக்குப் பெரிய வெள்ளி. அதான் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்குனதும் நேரா இங்கன வந்துட்டேன்.

தண்ணியெல்லாம் வேண்டாம் அத்தை... ஓ, உங்களுக்கா. குடிங்க.

ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு ஒண்ணை விடுற நம்ம வீட்டுத் தவக்காலத்தைக் கேளுங்க. அப்பா கறியை விட்டாக, அன்னையிலிருந்து நேரத்துக்கு மூணு ஆம்லெட். அம்மா சீரியல் பாக்க மாட்டாளாம், சத்தத்தைக் கூட்டி வச்சு அடுப்படியில நின்னு கேக்குறா. சித்தப்பா குடிக்காமத்தான் இருக்காக, ஆனா ஈஸ்டருக்கு யாரு வாங்கிட்டு வரணும்னு தவக்காலம் தொடங்குன சாம்பல் புதன் அன்னைக்கே பேசி வச்சாச்சு. உருப்படியா ஒண்ணை விட்டவ நான் ஒருத்திதான். எதுத்துப் பேசுறதை விட்டேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். தவக்கால வெள்ளியில கோயில்ல சொல்ற சிலுவைப்பாதை ஜெபத்துல ஆறாம் ஸ்தலம் வருசா வருசம் நீங்கதான் வாசிப்பீக. நாலு வாரத்துக்கு முன்னாடி அந்த வெள்ளிக்கும் பட்டாசுக் கம்பெனியில சாயந்தரம் வரைக்கும் திரி சொருகிட்டு, அப்படியே ஓடிவந்து மைக் முன்னாடி நின்னீக. ஒரு வரியில ரெண்டு தடவ தடுமாறுனீக. நான் ஒரு வார்த்தை பேசுனேனா? கையில இருந்த புத்தகத்தைப் பிடுங்கி மிச்சத்தை வாசிச்சேன், அம்புட்டுத்தான். நீங்க மூக்கை உறிஞ்சுனது கோயில் பூரா ஸ்பீக்கர்ல கேட்டுச்சுன்னா, அது என் தப்பா?

அதோட மூணு வெள்ளி நீங்க கோயில் பக்கமே வரல.

நீங்க தடுமாறுன அந்த வாரம் பூரா மத்தியானச் சோத்தைக்கூடத் தள்ளி வச்சுட்டு அந்தப் பக்கத்தை வாசிச்சுப் பழகுனீகளாம்ல. உங்ககூட வேலை பாக்குற வீரலட்சுமி அக்கா சொல்லித்தான் தெரியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தாலும் பிடுங்கியிருப்பேன் அத்தை. அதைத்தான் ஃபாதர்கிட்டயும் சொன்னேன். அதுக்குத்தான் இந்தத் தண்டனை.

இந்தாங்க புத்தகம். நாளைக்கு நீங்கதான் வாசிக்கணும். மூணாவது வரியில மட்டும் கொஞ்சம் மூச்சு விட்டு...

ஏன் இப்படி வெடுக்குன்னு பிடுங்குறீக? எங்க போறீக? கதவை எதுக்குச் சாத்துறீக? நான் இன்னும் அந்த மன்னிப்பைக் கேக்கவே இல்லையே.

உள்ள வாசிக்கிற சத்தம் கேக்குது... அத்தை, அந்த இடத்துல நிறுத்தாம... சரி. சரி, வாசிங்க. வாசிச்சு முடிங்க. நான் இங்கனயே நிக்கிறேன்.